அக்கா மறைத்துவைத்த விரல்கள்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தம்பி நான் இதை எழுதுகிறேன். புகழ்ந்தால் அக்காவுக்குப் பிடிக்காது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அக்கா ஆரணியில் பிறந்து, ஆரணியிலேயே வாழ்க்கைப்பட்டார். மாமா செய்யாற்றில் உள்ள ஒரு கம்பெனியின் பஸ் ஓட்டுநர். பட்டுத் தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்களைப் பாவு என்போம்; முடிந்த பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைப்பது அக்காவின் வேலை. ஆயிரக்கணக்கான இழைகள்; ஒன்று தவறினாலும் புடவையில் கோடு தெரியும். அக்கா பிணைத்த பாவைப் பற்றி எந்தத் தறிக்காரரும் குறை சொன்னதில்லை. கோபம் மட்டும் கொஞ்சம் அதிகம். வேலை நடுவே பேச்சுக் கொடுத்தால் மாமாவுக்கே திட்டு விழும்.

சில ஆண்டுகளுக்கு முன், குளிர்ந்த நீரில் கை வைத்தாலே அவருடைய விரல்கள் வெளுத்து நீலமாயின. தோலும் இறுகியது. கேட்டால், "பட்டு புடிச்ச கை அப்பிடித்தான்டா இருக்கும்" என்பார். நானும் நம்பினேன். அப்புறம் வறட்டு இருமல், படியேறினால் மூச்சிரைப்பு. பட்டுத் தூசிதான் காரணம் என்று நாங்களே முடிவுகட்டி, இருமல் மருந்தாக வாங்கிக் கொடுத்தோம். உள்ளூர் மருத்துவர் முன்பும் அக்கா கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

மூச்சிரைப்பு அதிகமாகி வேலூர் மருத்துவமனைக்குப் போனபோது, ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் கிளிப் மாட்ட வேண்டியிருந்தது. கை வெளியே வந்தது.

"இது எத்தனை நாளா இருக்குதுங்க?" என்றார் மருத்துவர்.

"நாங்க இருமலுக்குத்தான் வந்தோம்" என்றேன் நான்.

"ரெண்டும் ஒரே நோய்தாங்க."

உடம்பைக் காக்கும் சக்தியே உடம்பின் மீது திரும்பி, தோலையும் நுரையீரலையும் இறுகவைக்கும் நோய் அது. முழுக்கக் குணமாகாது, ஆனால் முன்பே வந்திருந்தால் அதன் வேகத்தைக் குறைக்கப் பார்த்திருக்கலாம் என்றார்.

திரும்பும் வழியில், "ஏங்க்கா கைய காட்டல?" என்று கேட்டேன்.

"விரல் மடங்கலன்னு தெரிஞ்சா எவன்டா பாவு குடுப்பான்? அதான் மறைச்சிகினே இருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நானும் தறிக்கூடம் வைத்து ஆட்களுக்கு வேலை கொடுக்கும் தறிக்காரன்தான். விரல் இறுகிய எத்தனை பேரை "கை போச்சு" என்று சொல்லி வேலையிலிருந்து அனுப்பியிருக்கிறேன்! அதையெல்லாம் அக்கா பார்த்துக்கொண்டுதானே இருந்தார்.

கடைசி மாதங்களில் ஆக்சிஜன் குழாயோடுதான் இருந்தார். ஒரு நாள் போர்வைக்குள்ளிருந்து கைகளை வெளியே எடுத்தார். "போட்டோ எடுடா. எல்லாரும் பாக்கட்டும்" என்றார்.

சிலிண்டர் சுமந்துவந்த அக்கம்பக்கத்தாருக்கும், மாமாவின் பஸ் நண்பர்களுக்கும், வேலூர் மருத்துவருக்கும், செவிலியருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த நினைவு மலரின் அட்டையில் அக்காவின் முகம் இல்லாமல் கைகள் இருப்பது அச்சகத்தின் தவறு அல்ல. இப்படிப்பட்ட விரல்கள் உங்களுக்கும் இருந்தால், இருமல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மருத்துவர் முன் நீட்டிவிடுங்கள். வேலை போய்விடும் என்று பயப்பட வேண்டாம். பாவு பிணைக்க முடியாவிட்டால் என் தறிக்கூடத்தில் வேறு வேலை உண்டு. அக்காவிடம் நான் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும்.