யோரிஸ் வாயால் பேசியவர்

ஹார்ம் மூக்கைச் சுருக்கி, தொண்டையைக் கரகரவென்று செருமி, வாயைத் திறக்கிறார். பிறகு மூடிக்கொண்டு காப்பியைக் குடிக்கிறார். இன்று காலையிலிருந்து இது மூன்றாவது முறை. எதிரே உட்கார்ந்திருக்கும் மனைவி ரென்ஸ்கேவுக்குத் தெரியும், வரவிருந்தது கணவரின் குரல் அல்ல, நாயின் குரல்.

அந்த நாய், யோரிஸ், செத்துப் பதினோரு நாள் ஆகிறது.

நெதர்லாந்தின் டெல்ஃப்சைல் துறைமுகத்தருகே ஹார்ம் சைக்கிள் பழுது பார்க்கிறார். ஆறடி மூன்றங்குல உயரம். ஒரு நாளைக்குப் பேசுவது நாலே வாக்கியம். "செயின் போச்சு." "நாளைக்கு வாங்க." "ம்." "ம்ஹூம்." கடைசி இரண்டும் வாக்கியம்தானா என்பதில் ஊருக்குள் கருத்து வேறுபாடு உண்டு. "கல்யாணமாகி மொத இருபது வருஷம் இந்த மனுஷன் பேசினத ஒரு தபால் கார்டுல எழுதிடலாம். கையெழுத்துப் போடவும் எடம் மிச்சமிருக்கும்" என்பார் ரென்ஸ்கே.

பிறகுதான் யோரிஸ் வந்தது. கறுப்பு வெள்ளை, ஒரு காது மடங்கியது. அது பேசுவதுபோல் ஹார்ம் கொடுத்த குரலில் சளி பிடித்த பாதிரியாரும் பசித்த குழந்தையும் பாதிப் பாதி. "எம்மா, இந்த ஆளு என்னோட சீஸத் தின்னுட்டான். போலீஸக் கூப்பிடு." சண்டைக்கு மறுநாள் என்றால், "எம்மா, அவன் ராத்திரி பூரா தூங்கல. முட்டாப்பய. ஆனா நல்லவன். மன்னிச்சிரு." ரென்ஸ்கேவும் நாயைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்: "அவன நேர்ல வந்து கேக்கச் சொல்லு." நேரில் யாரும் வந்ததில்லை. பத்து வருடம் அந்த வீட்டில் கொஞ்சலும் மன்னிப்பும் பிறந்தநாள் வாழ்த்தும் யோரிஸ் வழியாகத்தான் போய்வந்தன.

கடலணையின் மேல் ஒரு நாரையைத் துரத்திக்கொண்டு ஓடிய யோரிஸ் பாதியில் படுத்தது, எழவில்லை. இதயம் என்றார் மருத்துவர். சைக்கிளின் முன்பெட்டியில் கிடத்தி, தன் கோட்டால் போர்த்தி, ஹார்ம் வீடுவரை தள்ளிக்கொண்டே வந்தார். ரென்ஸ்கே கேட்டார்: "என்ன ஆச்சு ஹார்ம்? வாயத் தொறந்து சொல்லேன்!" ஹார்ம் கோட்டை விலக்கிக் காட்டினார். அவ்வளவுதான்.

நேற்று பாத்திரம் கழுவிக்கொண்டே ரென்ஸ்கே கேட்டார்: "இனிமே எங்கிட்ட யாரு பேசுவா?" குழாயைப் பார்த்துத்தான் கேட்டார். ஆனால் ஹார்முக்கும் காது உண்டு.

இன்று ரென்ஸ்கேவின் பிறந்தநாள். மதியம் கூடத்தில் நாற்காலிகள் வட்டமாகிவிட்டன. வருகிறவர்கள் வழக்கப்படி பிறந்தநாள்காரிக்கு மட்டுமல்ல, வட்டத்தில் உள்ள அத்தனை பேருக்கும் கைகொடுக்கிறார்கள். ரென்ஸ்கேவின் அக்கா டினகே புயலாக ஒரு சுற்று வருகிறார். "பொண்டாட்டிக்குப் பொறந்தநாளு, வாழ்த்துக்கள் ஹார்ம்!" "பக்கத்து வீட்டுக்காரிக்குப் பொறந்தநாளு, வாழ்த்துக்கள் யாகோப்! வயித்தக் கொஞ்சம் உள்ள இழு, நான் போகணும்." வருடாவருடம் அவர் கடைசியாகக் குலுக்கும் கை யோரிஸின் முன்னங்கால். வந்த வேகத்தில் தங்கையின் நாற்காலிக்குப் பக்கத்தில், யோரிஸ் எப்போதும் உட்காரும் இடைவெளியில் குனிகிறார். "அம்மாவுக்குப் பொறந்தநாளு, வாழ்த்துக்கள் யோ..."

நீட்டிய கை அப்படியே நிற்கிறது. எல்லோரும் தங்கள் தட்டிலிருக்கும் கேக்கைப் பார்க்கிறார்கள்.

ஹார்ம் எழுந்து வந்து டினகேயின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்குகிறார். பிறகு எதிர்ப்பக்கம் போய்த் தன் நாற்காலியைத் தூக்கி வந்து, அந்த இடைவெளியில் போட்டு உட்காருகிறார்.

"ரென்ஸ்கே..." சொந்தக் குரல், துரு ஏறியது. அதற்கு மேல் வரவில்லை. கிரீஸ் போகாத கையை, உள்ளங்கை மேலே தெரிய, மனைவியின் முழங்காலில் வைக்கிறார்.