கெடாத டிரைவ்

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது நடந்தது. பட்டப்பகலில், ஆள் நடமாடும் கடைத்தெருவில், கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் ஒரு பெண்ணுக்கு நடந்தது. சிடுமூஞ்சி என்றுதான் தெருவில் அவளுக்குப் பெயர்.

அன்றைக்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. மூட்டையாக வாங்கிய பழைய எஸ்எஸ்டி டிரைவ்களைச் சோதிக்காமலே 'ஓகே' ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான் தம்பி.

"மூளைன்னு ஒண்ணு இருக்காடா உனக்கு? வாங்கினவன் என் மூஞ்சியிலதான் துப்புவான்!"

"விடுக்கா... எல்லாம் ஓடுது."

அவனை விரட்டிவிட்டு ஒரு டிரைவை மாட்டினாள். கறுப்புத் திரையில் கட்டளையை அடித்தாள். டிரைவின் ஒவ்வொரு பிளாக்கிலும், அதாவது ஒவ்வொரு சேமிப்புக் கட்டத்திலும், புதிதாக எழுதி, திரும்பப் படித்து, எது கெட்டது என்று காட்டும் சோதனை. பழைய பதிவெல்லாம் அழிந்துவிடும். அழியட்டும், விற்கிற சரக்குதானே?

பாதி ஓடியிருக்கும்.

டொக்... டொக்...

பழைய ஹார்டு டிஸ்க் என்றால் சத்தம் வரும். இதற்குள் சுழல எதுவுமே இல்லை. ஒரு பலகை, நாலைந்து சில்லுகள். அவ்வளவுதான்.

"டேய், விளையாடாதே!"

தம்பி வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தான்.

டொக். டொக். டொக்.

டிரைவைத் தொட்டாள். சூடாக இருக்க வேண்டியது, பனிக்கட்டியாக இருந்தது. விரல் ஒட்டிக்கொண்டது.

எரிச்சலில் கேபிளைப் பிடுங்கினாள்.

சத்தம் நிற்கவில்லை.

வேகமானது.

உள்ளேயிருந்து...

பிறகு நின்றுவிட்டது.

விடுவாளா? மறுபடி மாட்டி, கடைசிவரை ஓடவிட்டாள். ஒரு பிளாக்கூடக் கெடவில்லை.

"எங்கேடா வாங்கினே இதை?"

"குளிர்கிடங்கு மேனேஜர் குடுத்தாரு. கேமரா பதிவு இதுலதான் இருந்துச்சாம். அங்க ஒரு லோடுமேன் உள்ளயே மாட்டிச் செத்தாரே... விசாரணையில, டிரைவ் கெட்டுப்போச்சு, ஒண்ணும் பதிவாகலைன்னுட்டாங்களாம்."

"பொய்யிடா! படுபாவிங்க!"

அவளுக்கு மேனேஜர் மேல் ஆத்திரம். அதைவிட, அழித்த தன் கைமேல். பொழுது சாய்வதற்குள் லோடுமேன் வீட்டைத் தேடிப் போனாள். அவர் மனைவி கதவைத் திறந்தார்.

"டிரைவ் கெடலைங்க. தெரியாம நானே அழிச்சிட்டேன். எங்க வேணா வந்து சாட்சி சொல்றேன்."

அந்த அம்மாள் அழவில்லை. உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"தட்டுற சத்தம்... எப்ப நின்னுச்சு?"

சத்தத்தைப் பற்றி அவள் வாயே திறந்திருக்கவில்லை.

"மத்தியானம்..."

"அப்பத்துலேருந்துதான் எங்க ஃபிரிட்ஜுக்குள்ள கேட்குது."