நாடா போட்டுக் கட்டிய கேம் மெஷின்

பெட்டி கட்டுகிறவளுக்குப் பெட்டி கண்ணைவிட்டுப் போன பிறகுதான் பாதி வேலை ஆரம்பிக்கிறது. அந்தப் பாதிக்குப் பெயர் கவலை.

அடுத்தவர் சாமானுக்காகக் கவலைப்பட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். லாரியில் கண்ணாடி ஏற்றி அனுப்புகிறவர்கள், கல்யாண வீட்டில் நகைப் பையை மடியில் வைத்துக்கொண்டு பாத்ரூம்கூடப் போகாமல் இருக்கும் சித்திமார்கள் எல்லாரும் என் சொந்தக்காரர்கள்தான். நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

மண்ணூர்பேட்டையில் ஒரு பேக்கிங் கடையில் வேலை செய்கிறேன். எட்டாவதோடு என் படிப்பு நின்றது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டை மடித்துக்கொண்டிருந்தேன். கம்பெனியை மூடியதும் இங்கே வந்துவிட்டேன். வெளிநாடு போகிறவர்கள் குக்கர், ஊறுகாய், பருப்புப்பொடி, சாமி படம் என்று கொண்டுவந்து கொட்டுவார்கள். இப்போது சில வருஷமாகக் கேம் மெஷினும் வருகிறது. டிவியில் மாட்டி விளையாடுவார்களே, அதுதான். கனத்தில் மிக்ஸி, பயத்தில் பச்சைக் குழந்தை.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. யாருக்குக் கட்டினாலும், "போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணிடுங்க" என்று சொல்லி அனுப்புவேன். போன் வந்தால் முதல் கேள்வி, "பத்திரமாப் போய்ச் சேந்துச்சா? ஒண்ணும் உடையலையே?" அதற்குப் பதில் வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

பல்லால் பிரித்த பொட்டலம்

எங்கள் முதலாளி சேகர் அண்ணனுக்கு டேப்பின் மேல் அபார நம்பிக்கை. எதைக் கொடுத்தாலும் தெர்மோகோல் வைத்து, பபிள் கவர் சுற்றி, அதன் மேல் டேப்பை உருட்டிக்கொண்டே இருப்பார். அம்பத்தூரில் ஃப்ளாட்டில் இருக்கும் ஒரு மதுரைப் பையன், ஐடி வேலைக்காரன், கேம் மெஷினைக் கொண்டுவந்தான். அண்ணன் அதை உரித்த தேங்காய் மாதிரி இறுக்கி உருண்டையாக்கிக் கையில் கொடுத்தார். கைப்பையில் கொண்டுபோகச் சொன்னதும் அவர்தான்.

ஏர்போர்ட்டில் லேப்டாப் மாதிரியே இதையும் வெளியே எடுத்துத் தட்டில் வைக்கச் சொல்வார்கள் என்று எங்கள் யாருக்கும் அப்போது தெரியாது. பிரித்துக் காட்டு என்று நின்றுவிட்டார்கள். கத்தி, பிளேடு, கத்தரிக்கோல் எதையும் உள்ளே விடமாட்டார்கள். பாவம், எதை வைத்துப் பிரிப்பான்? ஃப்ளைட் கிளம்பிவிட்டது. மறுநாள் அவன் கடைக்குத் திரும்பி வந்தபோது சண்டைக்குத்தான் வருகிறான் என்று நினைத்தேன். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னான்: "பல்லால கடிச்சுக் கடிச்சுப் பிரிச்சேன்க்கா. பின்னாடி நின்ன ஒரு அம்மா, 'அவனுக்கு என்ன பசியோ, விடுங்கப்பா'ன்னு சொல்றாங்க."

ஒரு கன்ட்ரோலர்

அன்றிலிருந்து கைப்பையில் போகும் மெஷினுக்கு நான் டேப் போடுவதில்லை. தடித்த துவாலையில் சுருட்டி, பாவாடை நாடாவால் உருவு முடிச்சுப் போட்டுக் கட்டுகிறேன். ஒரு நுனியை இழுத்தால் மொத்தமும் அவிழ்ந்துவிடும். காட்டி முடித்ததும் திரும்பச் சுருட்டிக் கட்டிக்கொள்ளலாம். சேகர் அண்ணன் முதலில் சிரித்தார். பிறகு நாடாவை மொத்தமாக வாங்கிப் போட்டுவிட்டார்.

ஒருநாள் ஒரு பெண் தனியாக மெஷினைக் கொண்டுவந்தாள். முப்பது வயது இருக்கும். புருஷன் கனடா போகிறாராம். துணிமணியெல்லாம் அவரே கட்டிக்கொண்டாராம், இது மட்டும் வீட்டில் கிடந்ததாம். நான் மெஷினைச் சுருட்டிவிட்டுக் கன்ட்ரோலரை எடுத்தேன். இரண்டு கைக்கும் பிடித்து அழுத்துவார்களே, அது. மெஷினோடு பெரும்பாலும் இரண்டு கொண்டுவருவார்கள், இங்கே ஒன்றுதான் இருந்தது. "இன்னொண்ண மறந்துட்டீங்களாம்மா? அப்புறம் அங்கேருந்து போன் பண்ணித் திட்டுவாரு" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவள் என்னைப் பார்க்கவில்லை, நாடாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மறக்கல ஆன்ட்டி. அவர் இனிமே ஒத்தையாத்தானே விளையாடப் போறாரு, ரெண்டு எதுக்கு?"

வேப்பம்பட்டிலிருந்து வந்தவர்

கஸ்தூரி அக்கா மெஷினைப் பையில் போட்டுக் கொண்டுவரவில்லை. பழைய புடவையில் சுற்றி, இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு வருகிற மாதிரி வந்தார். ஊர் வேப்பம்பட்டு. வீட்டுக்காரர் இல்லை. கொல்லையில் கீரை போட்டுக் கட்டுக்கட்டாக விற்றே ஒரே பிள்ளையைப் படிக்க வைத்தவர். அந்தப் பிள்ளை பிரபு ஜெர்மனியில் வேலையில் இருந்தான். ரோட்டில் வண்டி மோதித் தலையில் அடி. கண் திறந்திருக்கிறதாம், ஆள் தெரியவில்லையாம். கைக்கும் காதுக்கும் பழகின சாமான் ஏதாவது இருந்தால் கொடுத்துப் பாருங்கள் என்று அங்கே டாக்டர் சொல்லியிருக்கிறார். பிரபு காலேஜ் படிக்கும்போது ராத்திரி பகலாக விளையாடிய மெஷின் இது, அக்காவே நேரில் கொண்டுபோகிறாராம். கன்ட்ரோலரைத் தொட்டுப் பார்த்தேன். இடது கட்டை விரல் வைக்கும் குமிழ் மழுங்கி, அவன் விரல் அளவுக்குக் குழிந்திருந்தது. புதிதாக ஒன்றை அங்கேயே வாங்க முடியாதா என்று நான் கேட்கவில்லை. குழியைப் பார்த்த பிறகு கேட்கத் தோன்றவில்லை.

"பெரிய பெட்டியில போட்டு லக்கேஜ்ல அனுப்பிடலாமாக்கா? நீங்க இதுவரைக்கும் ஃப்ளைட் ஏறினதில்ல. கையில வெச்சா கேள்வி மேல கேள்வி கேப்பாங்க" என்றேன். பெரிய பெட்டிகள் வழி தவறி வேறு ஊருக்குப் போய்விடும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் மெஷினின் மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை. "கண்ண தொறந்துகினுதான் கீறான்மா, ஆளுதான் தெரியல. இது அவன் கைக்குப் போவணும். நான் போய்ச் சேரலன்னாலும் இது போய்ச் சேரணும்."

தேவி ஆபீசர்

அப்படிச் சொன்னவரை வெறுமனே எப்படி அனுப்புவது? நாங்கள் கடையிலேயே ஏர்போர்ட் போட்டோம். டீ டம்ளர் வைக்கும் பிளாஸ்டிக் தட்டுதான் செக்கிங் தட்டு. என்னோடு வேலை செய்யும் தேவி மண்ணூர்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவள், வாய் நீளம். அவள்தான் ஆபீசர். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, "இன்னா இது?" என்று அதட்டினாள். "கேம் மெஷின், சன், ஹாஸ்பிட்டல்" என்று மூன்று வார்த்தை சொல்லிக் கொடுத்திருந்தேன். கஸ்தூரி அக்கா தேவியைப் பார்த்துக் கும்பிட்டு, "எம் புள்ளையோட சாமான் சார்" என்றார். திரும்பச் செய்தோம். திரும்பவும் அதையேதான் சொன்னார்.

முடிச்சு விஷயத்தில் மட்டும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒரு தடவை பார்த்தார், இழுத்தார், அவிழ்ந்தது. திரும்பக் கட்டும்போது என் முடிச்சைப் போடாமல் நாடாவை முறுக்கிச் செருகினார். கீரைக்கட்டு முடிச்சாம், அதுவும் ஒரே இழுப்பில் வந்துவிடுமாம். சரி, கைக்குப் பழகினதே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் ஆபீசர் முன்னால் போய் நிற்கச் சொன்னால் மட்டும் திருதிருவென்று முழித்தார். தேவி துப்பட்டாவை அவிழ்த்துவிட்டு அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்: "யக்கா, இப்டி முழிச்சினு நின்னீனா மெஷின வுட்டுட்டு உன்னத்தான் எக்ஸ்ரே எடுப்பான்."

தட்டிலிருந்து வந்த போன்

கஸ்தூரி அக்கா கிளம்புகிற அன்று காலையிலிருந்தே எனக்குக் கை ஓடவில்லை. ஒரு அம்மாவின் பித்தளைக் குத்துவிளக்கைத் தலைகீழாகக் கட்டிவிட்டு மறுபடி பிரித்தேன். போன் அடித்தது. பின்னால் ஒலிபெருக்கியில் யாரோ ஃப்ளைட் பேர்களைச் சொல்லிக்கொண்டிருக்க, கஸ்தூரி அக்கா கத்திப் பேசினார். தட்டில் வைத்தாராம். நாடாவை இழுத்தாராம். அங்கே இருந்த ஆபீசர் அம்மா கன்ட்ரோலரை எடுத்துத் திருப்பிப் பார்த்தாராம். சொல்லிக்கொடுத்த மூன்று வார்த்தையும் மறந்துபோய், பிள்ளையின் சாமான் என்றுதான் சொன்னாராம். அது அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டதாம்.

சந்தோஷத்தில் தேவியிடம் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். நடுவில் ஒரு ஊரில் ஃப்ளைட் மாற வேண்டும், அங்கேயும் பிரித்துக் காட்டச் சொல்வார்கள், பயப்படாதீர்கள், அங்கே போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்கள் என்று சொன்னதையே சொன்னேன். அவர் என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி ஆகிவிட்டது. "நீ ஏம்மா பதறுற? நான் மடியிலயே வெச்சிகினு போறேன். அவன் கையில குடுத்துட்டு உனக்குத்தான் மொதல்ல சொல்லுவேன்."

மாத்திரைப் பை

போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கு என் ஞாபகம் எங்கே இருக்கும் என்று தேவி சொன்னாள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் சமையலறைக்குப் போனாலும் போனை எடுத்துக்கொண்டே போனேன். கன்ட்ரோலரைக் கையில் வைத்ததும் அந்தப் பையனின் கட்டை விரல் குழியைத் தேடிப் போயிருக்குமா என்பதுதான் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வாரம்தான் பூந்தமல்லியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மகள் வீட்டுக்குப் போகிறார், பேரனுக்குக் கேம் மெஷின். தராசில் பை கனம் கூடுதலாகக் காட்டியது. எதையாவது எடுத்தாக வேண்டும். அவர் யோசிக்காமல் மாத்திரைப் பையை எடுத்து வெளியே வைத்தார். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் அங்கே தங்கப்போகிற மாதங்களுக்கெல்லாம் சேர்த்து வாங்கியிருந்தது. நான் பதறி, மெஷினின் அட்டைப் பெட்டியை எடுத்துவிடலாம், ஸ்வெட்டரை உடம்பில் போட்டுக்கொள்ளலாம் என்று ஏதேதோ செய்து மாத்திரையைத் திரும்ப உள்ளே திணித்தேன். அவருக்கு என் மேல் கோபம்கூட வந்தது. "மாத்திரை இல்லாமக் கொஞ்ச நாள் ஓட்டிடலாம்மா. போன தடவை போனப்ப அந்தப் பய என் பக்கத்துல ஒரு நாள்கூட வந்து உக்காரல."

கீரைக்கட்டு முடிச்சு

கஸ்தூரி அக்கா ஒரு மத்தியானம் கடை வாசலில் வந்து நின்றார். நான் அப்போது குனிந்து ஒரு பெட்டிக்குப் பிளாஸ்டிக் பட்டை போட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது முதலில் கண்ணில் பட்டது அவர் கையில் இருந்த என் துவாலை. மெஷின் அதற்குள்ளேயே இருந்தது. அவர் முகத்தைப் பார்ப்பதற்குள் என் வாய் முந்திக்கொண்டது. இந்த வேலை பழக்கிவிட்ட வாய். "பத்திரமாப் போய்ச் சேந்துச்சாக்கா? ஒண்ணும் உடையலையே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். தேவி என் கையைக் கிள்ளினாள். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன்.

அவர் ஃப்ளைட்டில் இருக்கும்போதே பிரபு போய்விட்டான். நடுவில் ஃப்ளைட் மாறுகிற ஊரில், தெரிந்தவர் யாரும் இல்லாத இடத்தில் தனியாக இருப்பவரிடம் எப்படிச் சொல்வது என்று யாரும் சொல்லவில்லை. போய் இறங்கின இடத்தில் அவனுடைய சிநேகிதன் வந்து நின்றானாம். அந்தப் பையன் வாயைத் திறப்பதற்கு முன்னால் இவர், "மெஷின கொணாந்துட்டேன்" என்றாராம். திரும்பி வரும்போது பிள்ளை கீழே கார்கோவில் வந்தான். இது மேலே அவர் மடியில் வந்தது. "போய்ச் சேந்ததும் சொல்றேன்னு சொல்லியிருந்தேன் இல்ல, அதான் வந்தேன்" என்றார்.

உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. துவாலை உன்னுடையது என்று அவிழ்க்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நாடாவில் என் முடிச்சு இல்லை. முறுக்கிச் செருகிய கீரைக்கட்டு முடிச்சு, ஒழுங்காக, தளராமல் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் அதைத்தான் பார்த்தார். "போறப்பவும் அவுத்துப் பாத்தாங்க, வரப்பவும் அவுத்துப் பாத்தாங்க. ஒண்ணும் ஒடையலம்மா. பாக்க வேண்டியவன்தான் பாக்கல."

இப்போதும் பெட்டி கட்டுகிறேன், பதறுகிறேன், போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணச் சொல்லித்தான் அனுப்புகிறேன். போன் அடித்தால் மட்டும் தேவியை எடுக்கச் சொல்லிவிட்டு, டேப் எடுக்கிற சாக்கில் கடைக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறேன்.