பூட்டினீங்களா?

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. எனக்கு நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கம்பெனிக்குள் மட்டும் ஓடும் ஆன்லைன் குழு ஒன்று உண்டு. வேலையில் யார் தப்பு செய்தாலும் அதில் எழுத வேண்டும். பெயர் போட வேண்டாம், திட்டும் கிடையாது. மற்றவர்கள் படித்துக் கற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எழுதியது யார் என்று மோப்பம் பிடிக்காமல் எனக்குத் தூக்கம் வராது.

அன்று காலை ஒரு புதுப் பதிவு. "லிஃப்டுக்கு அடியிலுள்ள குழியில் இறங்குமுன் மெயின் சுவிட்சை அணைத்தேன். வேறு யாரும் ஆன் செய்யாதபடி அதற்குப் பூட்டுப் போடவில்லை. காலிக் கட்டடம்தானே என்று நினைத்தேன். குழியில் ஒரு சிவப்புச் செருப்பு கிடந்தது..." கீழே 'மேலும் படிக்க' என்று இருந்தது. நான் படிக்கவில்லை. பூட்டு விஷயத்தில் என் சோம்பல் ஊரறிந்தது. ஒட்டகம்தான் குத்திக்காட்டுகிறான் என்று முடிவு கட்டினேன். ஒட்டகம் என் ஜோடி மெக்கானிக். கழுத்து அப்படி.

அன்று வேலை ஒரு காலி ஆபீஸ் கட்டடத்தில். நான் மட்டும்தான். வாசல் கதவை உள்ளே தாழிட்டேன். மேல்மாடிக்குப் போய் சுவிட்சை அணைத்தேன். பூட்டு பையிலேயே இருந்தது. கீழே வந்து, லிஃப்ட் குழிக்குள் இறங்கினேன்.

டார்ச் அடித்தேன். மூலையில் ஒரு சிவப்புச் செருப்பு. குழந்தையுடையது. ஒற்றை.

படவா, எனக்கு முன்னாடியே வந்து போட்டுட்டுப் போயிருக்கான்!

டிங்.

குழுவில் ஒரே வரி. "பூட்டினீங்களா?"

பற்றிக்கொண்டு வந்தது. அவனைக் கூப்பிட்டேன். குழிக்குள் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. வெளியே ஏறி வந்து மறுபடி கூப்பிட்டேன்.

"டேய், செருப்பைப் போட்டா பயந்துடுவேனா?"

"என்ன செருப்பு? அம்மாவைக் கூட்டிட்டு ஆஸ்பத்திரியில உக்காந்திருக்கேன்டா."

"அப்ப குழுவுல எழுதினது?"

"நீ இல்லையா? நீதான்னுல்ல நினைச்சேன்..."

முதுகுக்குப் பின்னால்... க்ர்ர்ர்...

திரும்பினேன்.

லிஃப்ட் இறங்கிக்கொண்டிருந்தது.

மூன்று... இரண்டு... ஒன்று...

தட்.

குழிக்குள், என் தலை இருந்த உயரத்தில் வந்து நின்றது.

மாடிக்கு ஓடினேன். சுவிட்ச் ஆன். எல்லா அறையும் தேடினேன். யாருமில்லை. வாசலில் தாழ்ப்பாள் போட்டது போட்டபடி.

மறுநாள், அந்தப் பதிவை எழுதியது யார் என்று சொல்லச் சொல்லி, குழுவைப் பார்த்துக்கொள்ளும் ஆபீஸ் அக்காவிடம் கெஞ்சினேன். முதலில் மறுத்தார். பிறகு திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"விளையாடுறியா தம்பி? உன் போன்லேருந்துதான் வந்திருக்கு."

அப்போதுதான் 'மேலும் படிக்க' என்பதைத் தொட்டேன்.

"டிங் என்று கேட்டது. ஒட்டகம்தான் விளையாடுகிறான் என்று போனை எடுக்கவில்லை. நான் மேலே ஏறி வரவே இல்லை."