பதினேழாவது கல்

ஒரு பெண்ணைத் தெரிந்தே வழியில் விட்டுவிட்டு வந்தேன். அவள் இறந்தாள். அந்தப் பழி பத்து ஆண்டுகள் வேறொருவர் தலையில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

தங்கவயலுக்குக் கிளை ரயில் வராத காலம். குடியாத்தம் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்குப் போகிறவர்கள் கணவாய் ஏறி நடந்தே போனார்கள். நான் மிஷன் பள்ளியில் படித்தவன். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் ஒரு குமாஸ்தா வேலைக்காக, சனிக்கிழமை காலை துரை முன் வந்து நிற்கும்படி எனக்குக் கடிதம் வந்திருந்தது. காட்டுப் பாதையில் தனியாகப் போகத் துணிச்சல் இல்லை. ஆட்களைக் கூட்டிப்போகும் மேஸ்திரி ஒருவரோடு சேர்ந்துகொண்டேன். அவரைத் தவிர நாங்கள் பதினேழு பேர்.

மேஸ்திரிக்கு எழுத்துத் தெரியாது. இடுப்புப் பையில் பதினேழு வெள்ளைக் கூழாங்கற்கள் வைத்திருந்தார். புறப்படும்போது ஆளுக்கொரு கல் எடுத்துக்கொள்ள வேண்டும். தங்குமிடம் வந்ததும் அவர் விரித்த துண்டில் போட வேண்டும். ஐந்து ஐந்தாக மூன்று வரிசை அடுக்கி, மேலே இரண்டு நின்றால்தான் அடுத்த நடை. ஒரு கல் குறைந்தாலும் வராதவருக்காகக் கூட்டம் காத்திருக்கும். அப்படியும் பிரிந்துபோனவர் தங்குமிடத்தை விட்டு நகரக்கூடாது. ஆள் திரும்பி வந்து அழைத்துப் போகும் என்பது அவர் கொடுத்த வாக்கு.

கூட்டத்தில் நாற்பத்தைந்து வயது விதவை ஒருத்தி இருந்தாள். மகன் சுரங்கத்தில் வேலை செய்தான். குடிசை போட்டாயிற்று, அம்மாவை அழைத்து வாருங்கள் என்று மேஸ்திரியிடம் சொல்லி அனுப்பியிருந்தான். அவளுக்கென்று எங்களில் உறவு யாரும் இல்லை. இரண்டாம் நாளே குதிகால் வெடித்துப் புண்ணாகிவிட்டது. ஒவ்வொரு தங்கலிலும் அவளுக்காகக் காத்திருந்தோம்.

"இன்னாம்மா, மவன் கண்ணாலத்துக்குப் போறியா, பேரன் கண்ணாலத்துக்கா?" என்று ஒருவன் கேட்டான்.

"உனுக்கின்னா ராசா, ஆட்டுக்காலு. ஏறிக்கினே போவ," என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் வெயில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, கணவாய்க்கு அப்பால் ஒரு புளியந்தோப்பில் உட்கார்ந்தோம். சித்திரை மாதம். குட்டையில் சேறு கலந்த தண்ணீர்தான் இருந்தது. அது வேண்டாமென்று பெண்கள் நாலு பேர், கல்லைப் போட்டுவிட்டு, வழியில் முன்னால் இருந்த ஓடைக்குப் போயிருந்தார்கள். விதவை இன்னும் வரவில்லை. காத்திருந்தால் அன்றைக்கு இரவுத் தங்கலான பேத்தமங்களா போய்ச் சேரமுடியாது. சனிக்கிழமை தவறிவிடும்.

என் முறை வந்தபோது துண்டில் இரண்டு கற்களைப் போட்டேன். ஒன்று மேஸ்திரி கொடுத்தது. மற்றது, அவள் பின்தங்குவதைப் பார்த்துக்கொண்டே நான் பாதையில் பொறுக்கிய வெள்ளைக் கூழாங்கல்.

மேஸ்திரி அடுக்கிப் பார்த்துவிட்டு, "ஏந்திரிங்க" என்றார்.

"அந்தம்மா எங்க? கண்ணுலயே படலியே," என்றான் ஆட்டுக்காலன்.

மேஸ்திரி துண்டை இன்னொரு முறை பார்த்தார். "கல்லு சரியாத்தான் கீது. ஓடைக்குப் போனவங்களோட போயிருப்பா. இன்னிக்கித்தான் அவளுக்குக் காலு வந்துகீது."

மறுபடி சிரிப்பு. புறப்படும்போது பையிலிருந்து இரண்டு கற்களை எடுத்துக்கொண்டேன். ஓடையில் சேர்ந்துகொண்ட பெண்கள் தங்கள் கற்களை எடுத்ததும் பை காலியாயிற்று; மேஸ்திரி ஆட்களை எண்ணிப் பார்க்கவில்லை. பின்னால் வரும் ஏதாவது கூட்டத்தோடு அவள் சேர்ந்துகொள்வாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன். அதை நான் நம்பினேன் என்று இங்கே எழுதினால் அது பொய்.

பொழுது சாயப் பேத்தமங்களா ஏரிக்கரையை அடைந்தோம். மறுபடியும் இரண்டு கல் போட்டேன். கற்களின் கணக்குப்படியே களி உருண்டை பிடித்தார்கள். எல்லோரும் வாங்கிக்கொண்ட பிறகு ஓர் உருண்டை மீதி நின்றது.

"கல்லு சரியா கீதே. களி ஏன் மீறுது?" என்றார் மேஸ்திரி.

அவர் கற்களைக் கலைத்து மறுபடி அடுக்கினார். மறுபடி கலைத்தார். நான் என் பங்கைத் தின்று முடித்தேன்.

விடிந்ததும் அவர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்த வழியே ஓடினார். நான் மற்றவர்களோடு தங்கவயல் போய்ச் சேர்ந்தேன். வேலை கிடைத்தது.

அவள் தோப்பிலேயே இருந்தாள். நாங்கள் போன சிறிது நேரத்துக்கெல்லாம் வந்து சேர்ந்திருக்க வேண்டும். சொன்னபடி நகராமல் உட்கார்ந்து, குட்டைத் தண்ணீரைக் குடித்திருக்கிறாள். மேஸ்திரி போனபோது வாந்தியும் பேதியுமாகச் சுருண்டு கிடந்தாளாம். "வருவீங்கன்னு தெரியும்" என்றாளாம். அன்று பிற்பகல் இறந்துபோனாள். அங்கேயே புதைத்தார்கள்.

அவள் மகன் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் மேஸ்திரியின் துண்டைப் பிடித்து இழுத்தான். "பதினேழு பேர எண்ணத் தெரியல. நீ இன்னாய்யா மேஸ்திரி?" கூட்டத்தில் நானும் நின்றேன். மேஸ்திரி தலை குனிந்திருந்தார். அவரோடு நடக்க அதன் பிறகு யாரும் வரவில்லை. அவர் சுரங்கத்தில் பாறை உடைக்க இறங்கினார். ஒவ்வொரு ஷிப்டுக்கும் சுரங்கத்தில் இறங்குவதற்கான டிக்கெட் வாங்க என் ஜன்னலுக்குத்தான் வருவார். "நல்லா கீறீங்களா சாமி?" என்று கேட்பார்.

பத்து ஆண்டுகள் கழித்து, நெஞ்சு கெட்டு அவர் வேலைக்கு வருவது நின்றது. அந்த வெற்று ஜன்னலை என்னால் தாங்க முடியவில்லை. அந்த விதவையின் மகனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நின்றபடியே கேட்டான்.

"மேஸ்திரியாண்ட சொன்னீங்களா?"

"இல்லை."

"வாங்க," என்று சட்டையை மாட்டிக்கொண்டான்.

மேஸ்திரி கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். மகன் அவர் கால்மாட்டில் உட்கார்ந்து பாதங்களைப் பிடித்துக்கொண்டான். நான் சொல்லி முடித்தேன். அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"எத்தினி கல்லு போட்டீங்க?"

"ரெண்டு."

"அப்போ நான் எண்ணுனது சரிதான்," என்றார். பிறகு இருமல் பிடித்துக்கொண்டது. மன்னிப்புக் கேட்டேன். "அத என்னாண்ட கேக்காதீங்க" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு மிஷன் கோயிலில் சபையார் முன் எழுந்து நின்று, மேஸ்திரி மேல் குற்றமில்லை, குற்றம் என்னுடையது என்று நடந்ததையெல்லாம் சொன்னேன். பழைய ஆட்கள் பலர் அவரைப் பார்க்கப் போனார்கள். அவருக்கு அப்போது எழுந்து உட்காரவும் முடியவில்லை. மழைக்கு முன் போய்விட்டார். மகன்தான் தலைமாட்டுப் பக்கம் தோள் கொடுத்தான்.

வேலையை விட்டுவிடுகிறேன் என்று அவனிடம் சொன்னேன். "அது உங்க இஷ்டம், நீங்க போங்க," என்றான். எனக்குப் பிள்ளைகள் இருந்தார்கள், நான் விடவில்லை. அவன் அதன் பிறகு என்னிடம் டிக்கெட் வாங்கியதில்லை. பக்கத்து ஜன்னலில் எவ்வளவு நீண்ட வரிசை நின்றாலும் அங்கேதான் நின்றான். அந்தக் குமாஸ்தா விடுப்பில் இருந்த நாட்களில், அவன் ஷிப்டுக்கே வரவில்லை.