கிளாரி எடுக்காத பாட்டில்கள்

எங்கள் தெருவில் கக்கூஸ் வாளி எடுக்க வருகிறவர் கிளாரி ஹாபின்ஸ். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டிலும் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரின் இந்த மூலைக்குப் பாதாளச் சாக்கடை வரவில்லை. வாரம் ஒரு நாள், விடிகிற வேளையில், நிறைந்த வாளியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவார். ததும்பினால் கழுத்தில் வழியும். எழுதும்போதே குமட்டுகிறது. ஆனால் நான் சொல்ல வந்த அருவருப்பு அதுவல்ல.

டிசம்பரில் வாளிக்காரர் வீடுதோறும் ஒரு வாழ்த்துப் பாட்டை எழுதிய தாளைச் செருகிவிட்டுப் போவார். மறுவாரம் கக்கூஸ் படியில் அவருக்குக் கிறிஸ்துமஸ் இனாமாக ஒரு பீர் பாட்டில் இருக்கும். மற்ற தெருக்களில் ஒரே பழைய பாட்டுதான். கிளாரி ஆண்டுதோறும் புதிதாகக் கட்டுவார்.

மூக்கைப் பொத்தும் சீமாட்டி, கொஞ்சம் கையை எடுங்க;
வாளி தூக்கும் எனக்குமொரு வாழ்த்துச் சொல்லி விடுங்க.

அந்த ஆண்டுப் பாட்டு இது. தேவாலயக் கூடத்துக் கிறிஸ்துமஸ் விழாவில் இதைத் தன் வாயால் மேடையில் சொல்ல வேண்டும் என்பது அவர் ஆசை. இருக்கிற ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சுற்றியிருந்த நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. என்னுடையதும்தான்.

விழாவை நடத்திய மியூரியல் பாஸ்க் அம்மாள் அவரிடம் குனிந்தாள், சற்றுத் தள்ளி நின்றே.

"பாட்டு பிரமாதம், கிளாரி. ஆனா மேடையில பலகாரமெல்லாம் வச்சிருக்கோம் பாரு. மருந்துக்கடை நெவில் படிக்கட்டுமே."

"குளிச்சிட்டுத்தாம்மா வந்திருக்கேன். ரெண்டு தடவை."

"அய்யோ, அதுக்கில்லப்பா..."

நெவில் மூக்கைப் பிடித்துக்கொண்டு படித்தான். கூடம் சிரிப்பில் அதிர்ந்தது.

"டேய் கிளாரி, இன்னும் கொஞ்சம் தள்ளி உக்காருடா, கேக்கு கெட்டுப்போயிடும்!" என்று எவனோ கத்தினான்.

கேலியைச் சிரித்து வாங்கிக்கொள்ளாதவன் இங்கே ஆம்பிளையே இல்லை. கிளாரியும் சிரித்தார். பார்க்கச் சகிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுவாரம் படிகளில் வழக்கம்போலப் பாட்டில்கள். கிளாரி எல்லா வீட்டு வாளியையும் எடுத்தார், கழுவிய வாளியை வைத்தார். பாட்டில்கள் வைத்த இடத்திலேயே நின்றன. பாஸ்க் அம்மாள் எங்கள் பக்கத்து வீடு. சன்னலைத் திறந்து கேட்டாள்:

"ஏன் கிளாரி, பாட்டிலை மறந்துட்டியே?"

"மறக்கலம்மா. உங்க கை பட்டதாச்சே, குமட்டுது."

சொல்லிவிட்டு அவள் வீட்டு வாளியைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓடினார்.

"திமிரப் பாரேன்!" என்றாள் என்னைப் பார்த்து. பிறகு இறங்கிப் போய், அவர் விரல்கூடப் படாத அந்தப் பாட்டிலைக் குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள்.