துஷாந்தினி பிரெஞ்சில் கேட்ட கேள்வி

புலம்பெயர்ந்தவர்களுக்கான பிரெஞ்சு வகுப்பில் துஷாந்தினி வாய் திறப்பதில்லை. ஒரு "போன்ஜூர்", ஒரு "மெர்சி", அதோடு சரி. டவுன்டவுன் ஹோட்டலொன்றின் சலவை அறையில் அவளுக்குப் பின்னேர வேலை. படுக்கை விரிப்புகளோடு கதைக்கப் பிரெஞ்சு தேவைப்படவில்லை. மகள் தாட்சாயினி பிடித்த பிடியில்தான் வில்லரே பகுதியில் நடக்கும் இந்தக் காலை வகுப்புக்குப் பதிந்திருந்தாள்.

அந்த வியாழக்கிழமை, இறந்தகாலம் பழக்குவதற்காக ஆசிரியை கத்தரின் ஒரு பழைய சரித்திரத்தை எடுத்தாள். இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தியது. பிரெஞ்சுக்காரரின் பழைய நாடான கோலை ரோமர் பிடித்துக்கொண்டிருந்த காலம். வெர்சிஞ்செத்தோரிக்ஸ் என்ற இளம் தலைவன், தங்களுக்குள் அடிபட்டுக்கொண்டிருந்த குலங்களைச் சேர்த்துக்கொண்டு எழும்பினான். எதிரிக்குத் தானியம் கிடைக்கக்கூடாதென்று சொந்த ஊர்களையே கொளுத்தினான். கடைசியில் அலேசியா என்ற மலைக்கோட்டைக்குள் அவனை மடக்கி, சுற்றிவர அரண் கட்டினான் ரோமத் தளபதி சீசர். கத்தரின் பலகையில் கோட்டைக்கு ஒரு வட்டமும், அதைச் சுற்றி ரோமருக்கு இன்னொரு வட்டமும் கீறினாள்.

"உள்ளே சாப்பாடு முடிந்தது. சண்டை பிடிக்க ஏலாத பெண்களையும் பிள்ளைகளையும் கிழவர்களையும் வெளியே அனுப்பினார்கள். ரோமர் அவர்களை ஏற்கவில்லை. கோட்டைக் கதவும் திரும்பத் திறக்கவில்லை."

சொல்லிவிட்டுத் தலைவனின் சரணடைவுக்குப் போய்விட்டாள். அவன் வந்து ஆயுதங்களைக் கீழே போட்டானாம்.

துஷாந்தினி கையை உயர்த்தினாள். முழு வகுப்பும் திரும்பிப் பார்த்தது.

"நடுவிலே நின்ற சனத்துக்கு என்ன நடந்தது?" பிரெஞ்சில்தான் கேட்டாள். வினைச்சொல் பிழை. கத்தரின் அதைத் திருத்தவில்லை.

"பட்டினியால் செத்தார்கள் என்றுதான் எழுதியிருக்கிறது. ஒருவருடைய பெயரும் இல்லை."

"அந்தத் தலைவன்?"

"ஆறு வருடம் சிறையில் வைத்திருந்தார்கள். பிறகு ரோமில் ஊர்வலமாகக் கொண்டுபோய்க் கொன்றார்கள்."

"ஆறு வருசம்," என்றாள் துஷாந்தினி தமிழில். பிறகு ஒவ்வொரு பிரெஞ்சுச் சொல்லாகப் பொறுக்கிச் சொன்னாள். "என்னுடைய கணவரும் சரணடைந்தவர். பதினாறு வருசம். இன்னும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை."

 குளிர்ச்சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அன்று வேலைக்கும் போகவில்லை.

அவள் கணவன் கஜீவன் தலைவனுமில்லை, வீரனுமில்லை. சைக்கிள் திருத்துகிறவன். போரின் கடைசிக் காலத்தில் இயக்கத்துக்காரர் பிடித்துக்கொண்டுபோய்ப் பதினொரு நாள் பங்கர் வெட்ட விட்டார்கள்; ஓடிவந்துவிட்டான். பாலம் கடந்து இராணுவத்தின் பக்கம் வரும்போது ஒலிபெருக்கியில் சொன்னார்கள், ஒருநாள் என்றாலும் இயக்கத்தில் இருந்தவர்கள் வந்து பதியச் சொல்லி. அவன் தயங்கினான். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை.

பதினாறு வருசம் கழித்து, அந்தக் குழந்தைதான் அன்று நாலு மணிக்கு முதுகுப் பையோடு வீட்டுக்குள் வந்தாள்.

"என்னம்மா, வேலைக்குப் போகேல்லையே?"

"பிள்ளை, இரு. உன்ரை அப்பா சனத்துக்குள்ளை தவறிப்போனவர் எண்டு சொன்னனான். அது பொய். அவர் சரணடைஞ்சவர்."

தாட்சாயினி பையைக் கழற்றாமல் நின்றாள்.

"அவர் போகமாட்டன் எண்டுதான் நிண்டவர். ஒளிச்சுப் பிடிபட்டால் இன்னும் கரைச்சல், போய்ப் பதிஞ்சிட்டு வாங்கோ எண்டு நான்தான் அனுப்பினனான். உன்னை என்ரை கையிலை தந்திட்டுப் போய் பஸ்ஸிலை ஏறினவர்."

உன்னில் பிழையில்லை என்று மகள் சொல்லுவாள் என எங்கேயோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தாள். மகள் சொல்லவில்லை. "இவ்வளவு காலமும் என்னட்டை ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

துஷாந்தினி சோற்றை அடுப்பில் வைத்தாள். சோறு வெந்து, வடித்து, ஆறியும் போனது. பிறகுதான் கதவு திறந்தது. அழுத முகம். வந்து தாயின் பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

"அண்டைக்கு அப்பா என்ன உடுத்திருந்தவர்?"

"நீலச் சாரம்," என்றாள் துஷாந்தினி உடனே. "கரையிலை கிழிஞ்சது. நான்தான் தைச்சுக் குடுத்தனான்."

"மேலுக்குப் போட்டிருந்த சேட்?"

அவள் கண்ணை மூடி யோசித்தாள். பஸ் வந்தது, கதவு வந்தது, கம்பியைப் பிடித்த கை வந்தது. சேட்டின் நிறம் மட்டும் வரவில்லை.